துணிக்கூரை

ஆங்கிலேயரிடம் ‘ஹூட்’ என்று சொன்னால் திறந்த காரின் துணிக்கூரையைக் காட்டுவார். அமெரிக்கரிடம் அதே சொல்லைச் சொன்னால் இன்ஜினுக்கு மேலிருக்கும் தகட்டைத் தூக்கிக் காட்டுவார். அந்தத் தகட்டுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் பானட். நம்ம ஊர் மெக்கானிக்குகளும் பானட் என்றுதான் சொல்கிறார்கள். கூரையை அமெரிக்கர்கள் ‘டாப்’ என்கிறார்கள். ஜீப்புக்கும் ஆட்டோவுக்கும் கூரை தைக்கும் நம்ம குஷன் கடைகளில் டாப், ஹூட் இரண்டு சொல்லும் காதில் விழும். இந்தக் கட்டுரையில் நான் ஹூட் என்றே எழுதப்போகிறேன். நான் பக்கத்திலிருந்து பார்த்தது ஓர் ஆங்கிலக் காரின் ஹூட்டை.

பெயர்களில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மடியும் கூரை கொண்ட காருக்கு ஐரோப்பாவில் கேப்ரியோலே என்று பெயர். கேப்ரியோல் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குத் துள்ளல் என்று பொருள். அதன் வேரில் இருப்பது ஆட்டைக் குறிக்கும் லத்தீன் சொல். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒற்றைக் குதிரை இழுத்த இலேசான இரண்டு சக்கர வண்டி, கல் பாவிய தெருவில் துள்ளித் துள்ளிப் போனதால் வந்த பெயர். ஹூட் தைக்கும் உயர்ந்த ரகத் துணியை ஆங்கிலேயர் இன்னும் மொஹேர் என்கிறார்கள். அதுவும் ஆடுதான், அங்கோரா ஆட்டின் ரோமம். இன்று அந்தப் பெயரில் விற்கும் துணியைத் தொட்டுப் பார்த்தால் மேல்புறம் அக்ரிலிக் நூல். ரோமம் போய்விட்டது, ஆட்டின் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

குதிரை வண்டிக்காரர்கள் கண்டுபிடித்த மடிப்புக் கூரையின் பொறிமுறை மிக எளிமையானது. மரத்தால் அல்லது இரும்பால் ஆன இரண்டு மூன்று வளைவுகள். அவற்றின் கால்கள் எல்லாம் வண்டியின் பக்கவாட்டில் ஏறக்குறைய ஒரே இடத்தில் கீல் போட்டு நிற்கும். விசிறியைப் போல விரித்தால் கூரை, மடக்கினால் முதுகுக்குப் பின்னால் ஒரு மூட்டை. விரித்த கூரை தானாக விழாமல் இருக்க வெளிப்புறத்தில் முழங்கை போல மடியும் ஓர் இரும்புத் தண்டு. அந்த முழங்கை நேராகி, நேர்க்கோட்டைக் கொஞ்சம் தாண்டியதும் பூட்டிக்கொள்ளும். லாண்டோ வண்டிகளில் இந்தத் தண்டு எஸ் என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் அழகாக வளைந்திருக்கும். அமெரிக்கச் சவ ஊர்திகளின் பின்பக்கத்தில் அந்த எஸ் வடிவக் கம்பியை இன்றைக்கும் பார்க்கலாம். அந்த வண்டிகளின் கூரை மடிவதில்லை. கம்பி வெறும் அலங்காரம்.

அந்தக் கூரை யாருக்கு என்று கேட்க வேண்டும். லாண்டோவிலும் விக்டோரியாவிலும் கூரை பின்னால் உட்கார்ந்திருக்கும் எஜமானருக்கு. வண்டியோட்டி எப்போதுமே வெளியே. மோட்டார் கார் வந்த பிறகும் இந்தப் பழக்கம் உடனே போகவில்லை. லாண்டோலெட் என்ற ரகத்தில் பின்சீட்டுக்கு மேல் மட்டும் மடிப்புக் கூரை. தொடக்க காலத்தில் அப்படிப்பட்ட கார்களை ஓட்டியவர் பல சமயம் மழையிலும் பனியிலும்தான் இருந்தார். நம்ம ரிக்‌ஷாவின் மடிப்புக் கூண்டும் இதே பொறிமுறை, இதே நியாயம். உட்கார்ந்திருப்பவருக்குக் கூரை, இழுப்பவருக்கு வானம். 1960களின் தொடக்கத்தில் எம்.ஜி.ஆர். சென்னை ரிக்‌ஷாக்காரர்களுக்கு மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். எம்.ஜி. என்ற பெயருள்ள ஒரு கார் கொஞ்ச நேரத்தில் இந்தக் கட்டுரைக்குள் வரப்போகிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மழைக்கோட்டுக்கும் கார் கூரைக்கும் மட்டும் நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது.

1823இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் சார்லஸ் மாக்கின்டாஷ் என்ற ரசாயனத் தொழில்காரர் ஒரு காப்புரிமை வாங்கினார். நிலக்கரியைக் காய்ச்சி எரிவாயு எடுக்கும் ஆலைகளில் மிஞ்சும் தாரிலிருந்து நாஃப்தா என்ற திரவம் கிடைக்கும். அது ரப்பரைக் கரைக்கும். கரைத்த ரப்பரை ஒரு துணிமேல் தடவி, அதன்மேல் இன்னொரு துணியை ஒட்டினார். துணி, ரப்பர், துணி. கையில் பிசுபிசுப்பு ஒட்டாது, தண்ணீர் உள்ளே வராது. ஆங்கிலத்தில் மழைக்கோட்டுக்கே இன்றுவரை அவர் பெயர்தான்.

அந்தத் துணியில் சில கோளாறுகள் இருந்தன. குளிரில் பலகை மாதிரி விறைத்துக்கொள்ளும், வெயிலில் இளகி நாறும். இந்த இரண்டையும் 1840களில் கந்தகம் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் முறை தீர்த்துவைத்தது. அமெரிக்காவில் குட்இயர், இங்கிலாந்தில் மாக்கின்டாஷின் கூட்டாளியான ஹேன்காக். இன்னொரு கோளாறு ரசாயனம் தீர்க்கக்கூடியது இல்லை. தையற்காரர் ஊசியால் குத்தினால் ரப்பரில் ஓட்டை விழும். தையல் இருக்கும் இடமெல்லாம் ஒழுகும். இது இருநூறு வருஷப் பிரச்சினை, இன்றைக்கும் ஹூட் தைப்பவர்கள் இதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். பாலியஸ்டர் இழைமேல் பருத்தி சுற்றிய நூலைப் பயன்படுத்துவது ஒரு வழி. நனைந்ததும் பருத்தி உப்பி ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும்.

இன்று விலையுயர்ந்த கன்வெர்ட்டிபிள் கார் ஒன்றின் ஹூட் துணியை நறுக்கிப் பார்த்தால் மூன்று அடுக்கு தெரியும். வெளியே அக்ரிலிக் நெசவு, நடுவில் செயற்கை ரப்பர், உள்ளே பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி. அதாவது 1823இன் அதே துணி, ரப்பர், துணி. மின் மோட்டார்கள் சில நொடிகளில் மடக்கிவிடும் கூரையின் உயிர் ஒரு மழைக்கோட்டு.

நடுவில் இருக்கும் அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது? முதலில் அமேசான் காட்டிலிருந்து. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சில ஆயிரம்தான். அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்தது, அடுத்த வருஷம் இருபத்திச் சொச்சம் கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லிசாகச் சீவி மறுபடி மறுபடி பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1910களின் நடுப்பகுதிக்குள் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை முந்திவிட்டது. அமெரிக்காவில் கார் லட்சக்கணக்கில் பெருகிய அதே வருடங்கள்.

அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்திலிருந்து கங்காணிகள் கூட்டிக்கொண்டுபோன தமிழர்கள். விடியுமுன் பெரட்டுக்கு வரிசையில் நின்று, வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால் இருட்டோடு பால்மரக் காட்டுக்குள் போனவர்கள். நேர்மையாகச் சொல்வதென்றால் அந்தப் பாலில் மிகப் பெரும்பங்கு டயருக்குத்தான் போயிற்று, கூரைத்துணிக்குப் போனது சொற்பம். ஆனாலும் 1920இல் டெட்ராய்ட்டில் ஒருவர் மழைக்காகக் காரின் கூரையை இழுத்து மூடியபோது, அவர் தலைக்கு மேல் துணிகளுக்கு நடுவே இருந்த அந்த மெல்லிய ஏடு மலாயாவில் யாரோ ஒரு தமிழ்ப் பெண் விடிகாலையில் வாளியில் சுமந்துவந்த பாலாக இருக்கப் போதிய வாய்ப்பு உண்டு. கார் வரலாற்றுப் புத்தகங்களில் குதிரைத்திறனுக்கு அட்டவணை இருக்கும், இந்த வாளிக்கு ஒரு வரி இருக்காது.

ரப்பர் துணி விலை அதிகம் என்று நினைத்தவர்களுக்குத் தோல்போன்ற துணி இருந்தது. பருத்தித் துணிமேல் நைட்ரோ செல்லுலோஸ் பூசி, தோலின் வரிகளை அச்சுக்குத்தியது. இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் இதைச் செய்த கம்பெனியின் பெயர் ரெக்சின். நம்ம பஸ் சீட்டுக்கும் பள்ளிக்கூடப் பைக்கும் ஆட்டோ கூரைக்கும் தாத்தா காலத்திலிருந்து சொல்லிவரும் ‘ரெக்சின்’ ஒரு கம்பெனியின் வணிகப்பெயர் என்பது எனக்கே வெகு தாமதமாகத்தான் தெரியும்.

1919இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குத்தான் மூடிய உடல். மீதியெல்லாம் துணிக்கூரை. 1927இல் கணக்கு தலைகீழ்: நூற்றுக்கு 85 மூடிய கார். எட்டு வருஷத்தில் ஒரு தொழிலே புரண்டுபோனது. ஹட்சன் கம்பெனி எசெக்ஸ் கோச் என்ற மூடிய காரை 1921இல் அறிமுகப்படுத்தியபோது விலை 1,495 டாலர்; அதே காரின் திறந்த வடிவத்தைவிட 300 டாலர் அதிகம். 1925 தொடக்கத்தில் 895 டாலர். திறந்த வடிவத்தைவிட 5 டாலர் குறைவு. இந்த 5 டாலரில்தான் துணிக்கூரையின் விதி முடிவானது என்று நான் நினைக்கிறேன். மழை, குளிர், தூசி எல்லாவற்றையும் நிறுத்தும் கார் மலிவாகவும் கிடைக்கும்போது வேறு யார் என்ன வாங்குவார்கள்? அதுவரை துணிக்கூரை என்பது சாதாரணம், ஏழை வாங்குவது. அதன்பிறகு அது ஒரு விருப்பம், கொஞ்சம் பணமும் கொஞ்சம் திமிரும் உள்ளவர் வாங்குவது. ஒரே பொருள், நடந்தது விலைப்பட்டியலில் ஒரு திருத்தம்.

இதில் ஒரு விநோதம். அந்த ‘மூடிய’ கார்களின் கூரையும் முழுக்க இரும்பு கிடையாது. ஒரு கார் கூரை அளவுக்கு அகலமான தகட்டை ஒரே துண்டாக உருட்டவோ அச்சில் அழுத்தவோ அப்போது வசதி இல்லை. எனவே நடுவில் பெரிய ஓட்டை விட்டு, குறுக்கே மரச்சட்டம் அடித்து, பஞ்சு வைத்து, பூச்சுத் துணியை இழுத்து ஆணி அடித்துவிடுவார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1935 மாடல்களில் ஒற்றைத் தகட்டாலான கூரையை ‘டரட் டாப்’ என்று விளம்பரம் செய்தபோதுதான் பெருவாரிக் கார்களின் உச்சியிலிருந்து துணி இறங்கத் தொடங்கியது. அதுவரைக்கும் ஒவ்வொரு கார் ஆலையிலும் துணியை இழுத்துக் கட்டத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். டிரிம்மர் என்று அவர்களுக்குப் பெயர். ஆணிகளை வாயில் நிறைத்துக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி, காந்தம் வைத்த சுத்தியலின் நுனியில் எடுத்து அடிப்பார்கள். இரண்டு கையில் ஒன்று துணியை இழுத்துப் பிடிக்க வேண்டுமே.

துணியே வேண்டாம், இரும்புக் கூரையையே மடக்கிவிடலாம் என்று யோசித்தவர் பாரிஸில் ஜார்ஜ் பாலன். தொழில் பல் வைத்தியம். 1930களின் தொடக்கத்தில் முழுக்கூரையும் ஒரே துண்டாகப் பின்பெட்டிக்குள் இறங்கும் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார், 1934இல் பெஜோ அதை எக்லிப்ஸ் என்ற பெயரில் விற்றது. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் உளவுக்காக வேலை செய்து, நாஜிகளிடம் பிடிபட்டு, 1942 மார்ச்சில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருக்கு வயது ஏறக்குறைய நாற்பதுதான்.

சரி, எம்.ஜி.க்கு வருவோம். மோரிஸ் கேரேஜஸ் என்பதன் சுருக்கம். ஆக்ஸ்போர்டில் தொடங்கி, 1929இல் அருகிலிருந்த அபிங்டன் ஊருக்கு, ஒரு பழைய தோல் தொழிற்சாலைக் கட்டடத்துக்குப் போனது. அங்கே 1962இலிருந்து 1980 வரை செய்த எம்.ஜி.பி., கூரை போட்ட ஜிடி வடிவத்தையும் சேர்த்தால் ஐந்து லட்சத்தைத் தாண்டும். பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. தொடக்கத்தில் அதற்கு இரண்டு விதமான ஹூட் இருந்தது: சட்டத்தையே கழற்றி டிக்கியில் வைத்துவிடும் ஒன்று, பின்சீட்டுப் பக்கம் மடியும் இன்னொன்று. 1970 வாக்கில் இத்தாலியின் மிக்கலோத்தி வடிவமைத்த புதிய மடிப்புச் சட்டம் வந்தது. முன்னதைவிடச் சுலபம் என்பார்கள். முன்னது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு இதெல்லாம் தெரிய வந்த வழி ஒரு வீட்டுக்காரர். ப்ராஜெக்ட் வேலையாக இங்கிலாந்தின் ரெடிங்கில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தேன். கீழ்வீட்டில் வீட்டுக்காரர், எழுபதைத் தாண்டியவர். கராஜில் 1972ஆம் வருஷத்து எம்.ஜி.பி. ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை கதவைத் தட்டி, “உனக்கு ரெண்டு கை சும்மா இருக்கா?” என்று கேட்டார். புது ஹூட் பெட்டியில் வந்திருந்தது. அந்தக் காருக்கு அது நான்காவது.

ஜூலைக்குக் காரணம் இருந்தது. அது பிவிசி பூசிய துணி, நம் ரெக்சினின் இன்றைய வாரிசு. குளிரில் விறைக்கும், இழுத்தால் வராது. காலையிலிருந்து புல்வெளியில் வெயிலில் விரித்துப்போட்டிருந்தார். தொட்டால் வெதுவெதுப்பாக, அப்பளம் பொரிக்குமுன் இருக்கிற மாதிரி குழைந்திருந்தது.

பழையதைக் கழற்றுவதில் அரை நாள் போயிற்று. முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு குறுக்குச் சட்டம் இருக்கிறது, ஹூட்டின் முன்விளிம்பு அதில் ஒட்டப்பட்டிருக்கும். அதற்கு அடியில் ரப்பர் பீடிங்கைத் தாங்கும் தகட்டுப்பட்டை, ரிவெட் அடித்தது. ஒவ்வொரு ரிவெட்டாக டிரில் போட்டு எடுத்தோம். பழைய பசையைச் சுரண்டினோம். ஐம்பது வருஷத்தில் மூன்று பேர் தடவிய பசை, மரத்தின் வளையம் மாதிரி அடுக்கடுக்காக வந்தது.

மாட்டும் வேலை பின்னாலிருந்து தொடங்கியது. ஹூட்டின் பின்விளிம்புக்குள் ஒரு தகட்டுப்பட்டை பொதிந்திருக்கும், அது உடலின் மேலுள்ள கொக்கிகளில் போய் உட்கார வேண்டும். பிறகு சட்டத்தை முழுக்க நிமிர்த்தி, முன்சட்டத்தைக் கண்ணாடியோடு பூட்டி, துணியை மேலே போர்த்தி முன்னால் இழுத்தோம். நடுக்கோட்டை இரண்டிலும் முதலிலேயே குறித்திருந்தார். நான் இழுத்துப் பிடித்தேன். அவர் சாக்பீஸை எடுத்துச் சட்டத்தின் விளிம்பை ஒட்டித் துணிமேல் ஒரு கோடு போட்டார். கோடு போட்டு முடித்ததும் பூட்டை விடுவித்தார், துணி தளர்ந்தது.

“இப்ப கோட்டுல ஒட்டக் கூடாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு விரல்கடை உள்ள இழுத்து ஒட்டணும்” என்றார்.

ஏன் என்று கேட்டேன். தளர்ந்த நிலையில் கோட்டுக்குச் சரியாக ஒட்டினால், பூட்டும்போது கையால் இழுத்த அளவுக்குத்தான் விறைப்பு கிடைக்கும். பூட்டின் நெம்பு என் கையைவிடப் பலமானது. அதை வேலை வாங்க வேண்டும். அந்த ஒரு விரல்கடையைக் குறைத்தால் ஹூட் காற்றில் படபடக்கும், கூட்டினால் பூட்டவே முடியாது. எவ்வளவு என்று எந்தக் கையேட்டிலும் சரியான எண் இருக்க முடியாது. துணியின் சூடு, வயது, சட்டத்தின் தேய்மானம், முந்தைய ஆள் சட்டத்தை எப்படி வளைத்தார் என்பது எல்லாம் சேர்ந்து அந்த விரலின் தடிமனைத் தீர்மானிக்கின்றன.

பசையை இரண்டு பரப்பிலும் தடவி, ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு சேர்க்க வேண்டும். சேர்ந்தால் சேர்ந்ததுதான். எங்கள் தொழிலில் கண்ட்ரோல் இசட் என்று ஒன்று உண்டு, பத்து வருஷமாக அதை நம்பிப் பிழைப்பவனுக்கு இந்தப் பசை கொஞ்சம் நடுக்கத்தைக் கொடுத்தது. நடுவில் தொட்டு, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே போனார். மூலைகளில் துணியைச் சின்ன ‘வி’ வடிவமாக வெட்டி மடித்தார், இல்லாவிட்டால் சுருக்கம் குவிந்துவிடும். பூட்டிப் பார்த்தபோது இரண்டு கட்டைவிரலும் வெளுக்க அழுத்த வேண்டியிருந்தது. “சரியா இருக்கு” என்றார்.

கதவுக்குப் பின்னால் இருக்கும் டிச் பட்டன்களை அன்றைக்கு அவர் அடிக்கவில்லை. மூன்று வாரம் ஹூட்டை இறக்காமலே விட்டு, துணி தன் வடிவத்துக்கு வந்த பிறகுதான் துளை போட்டார். முதல் நாளே அடித்தால் இரண்டு மாதத்தில் பட்டன் ஓர் இடத்திலும் குமிழ் ஓர் இடத்திலும் நிற்குமாம்.

இடையில் அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. வலது பக்கக் கதவின் இடுக்கு மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருந்தால் ஹூட் வாங்காதே, முதலில் வெல்டரிடம் போ என்பார்களாம். மூடிய காரில் கூரையும் சேர்ந்து உடலைத் தாங்கும். திறந்த காரில் அந்த வேலை முழுக்கக் கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி வடிவ விளிம்புகளின் தலையில். அவை உள்ளே துருப்பிடித்தால் கார் நடுவில் தொய்ந்து, கதவின் மேல்பகுதி நெருக்கிக்கொள்ளும். பின்கொக்கிக்கும் முன்கண்ணாடிக்கும் உள்ள தூரம் மாறிவிடும். சரியாக வெட்டித் தைத்த ஹூட்கூடத் தொளதொளவென்று நிற்கும். ஆட்கள் தைத்தவரைத் திட்டுவார்கள்.

பிவிசி ஹூட்டின் ஆயுள் பத்து, நல்லபடி வைத்துக்கொண்டால் பதினைந்து வருஷம். பிவிசி இயல்பில் விறைப்பான பிளாஸ்டிக், 1926இல் பி.எஃப். குட்ரிச் கம்பெனியின் வால்டோ செமன் அதை எண்ணெய்போன்ற ஒரு திரவத்தோடு கலந்து நெகிழ வைத்தார். அந்தத் திரவம் துணியில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். அது போகப் போகத் துணி சுருங்கும், விறைக்கும், மடிப்பில் வெடிக்கும். பின்ஜன்னல் புற ஊதாக் கதிரில் மஞ்சளாகி, பால் படிந்த தம்ளர் மாதிரி ஆகும். கலிபோர்னியாவுக்குப் போன எம்.ஜி.பி.களின் உடல் துருப்பிடிக்காமல் தப்பியது, கூரை தப்பவில்லை. இங்கிலாந்தில் தங்கியவற்றுக்கு நேர் எதிர்.

1970களில் அமெரிக்காவில் துணிக்கூரையே சட்டத்தால் ஒழியப்போகிறது என்று எல்லாரும் நம்பினார்கள். கார் உருண்டால் உள்ளே இருப்பவர் பிழைக்க வேண்டும் என்ற சோதனையை அரசு கொண்டுவரப் பார்த்தது. எந்தத் துணி அதைத் தாங்கும்? 1972 டிசம்பரில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், கன்வெர்ட்டிபிள் போன்ற ஒரு வகையையே ஒழிப்பது அந்தப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கம் இல்லை என்றது. ஆனால் பயம் தீர்ப்பைவிட வேகமாகப் பரவியிருந்தது. ட்ரயம்ப் டிஆர்7 காரை முதலில் இரும்புக் கூரையோடு மட்டுமே வெளியிட்டார்கள். கேடிலாக் 1976 ஏப்ரல் 21 அன்று ‘கடைசி’ எல்டொராடோ கன்வெர்ட்டிபிளை டெட்ராய்ட்டில் புகைப்படக்காரர்கள் சூழ வெளியே ஓட்டியது. கடைசி இருநூறும் ஒரேபோல வெள்ளை. ஆட்கள் முதலீடாக வாங்கிப் பூட்டிவைத்தார்கள். 1984 மாடலாக அதே கேடிலாக் மறுபடி எல்டொராடோ கன்வெர்ட்டிபிளை விற்றபோது, பூட்டிவைத்தவர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக எனக்கு வருத்தம் இல்லை.

ஐரோப்பாவில் இந்தக் கலையின் பெரிய வீடு ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக்கில் இருந்த கார்மான். 1901இல் வில்ஹெல்ம் கார்மான் ஒரு குதிரைவண்டிப் பட்டறையை வாங்கித் தொடங்கியது. 1949இலிருந்து 1980 வரை அங்கே கட்டிய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கேப்ரியோலே 3,31,847. எம்.ஜி.பி.யின் ஹூட் ஒற்றைத் தோல் என்றால் பீட்டிலுடையது மெத்தை: வெளித்துணி, ரப்பர் ஏற்றிய குதிரை ரோமப் பஞ்சு, உள்துணி, பின்னால் உண்மையான கண்ணாடி. மடக்கி வைத்தால் காருக்குப் பின்னால் ஒரு மூட்டை தூக்கிக்கொண்டு நிற்கும். லாண்டோவின் அதே மூட்டை. இன்றைக்கும் அதை மாற்றுவது தனி ஆள் வேலை இல்லை. கார் கம்பெனிகள் இந்த வேலையைத் தங்கள் ஆலைக்குள்ளேயே இழுத்துக்கொண்டன, 2009இல் கார்மான் திவாலானது. ஆலை ஃபோக்ஸ்வாகனுக்கு, கூரைப் பிரிவு பின்லாந்தின் வால்மெட்டுக்கு.

ரெடிங்கில் அந்தப் புது ஹூட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது நான் வெகுநேரம் பார்த்தது உள்பக்கத் தையலை. பக்கத் துண்டும் நடுத் துண்டும் சேரும் இடத்தில் இரண்டு வளைவும் ஒரே வளைவு இல்லை; ஒன்று குழி, ஒன்று மேடு. இரண்டையும் இயந்திரத்துக்கு அடியில் வெவ்வேறு வேகத்தில் ஊட்டினால்தான் கூரை உருண்டு நிற்கும். தொய்யும் துணியை இப்படிப் பிடித்து ஊட்ட ரோபோவுக்கு இன்னும் சரியாக வரவில்லை, தைப்பவரின் விரல்கள்தான் செய்கின்றன.

இந்த விரல்களுக்கு என்ன விலை என்ற சண்டை ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. 1968 ஜூன் 7 அன்று ஃபோர்டின் டாகன்ஹாம் ஆலையில் கார் சீட் உறை தைத்த 187 பெண்கள் இயந்திரங்களை நிறுத்திவிட்டு வெளியே போனார்கள். ஹூட் இல்லை, சீட் உறை. ஆனால் ஊசியும் ரெக்சினும் வளைவும் அதேதான். கம்பெனி அவர்களைத் திறன் குறைந்த ‘பி’ பிரிவில் வைத்து, அந்தப் பிரிவின் ஆண்களுக்குத் தருவதில் 85 சதவீதம் கொடுத்தது. அவர்கள் கேட்டது திறனாளிகளின் ‘சி’ பிரிவு. வேலைக்குச் சேரும்போது தையல் சோதனை வைத்துத்தானே எடுத்தீர்கள், திறனே இல்லை என்றால் சோதனை எதற்கு என்பது அவர்கள் வாதம். உறை இல்லாமல் கார் வெளியே போக முடியாது, மூன்று வாரத்தில் ஆலை நின்றது. அமைச்சர் பார்பரா காசில் அவர்களை அழைத்துத் தேநீர் கொடுத்துப் பேசினார். சம்பளம் ஆண்களுடையதில் 92 சதவீதமாக உயர்ந்தது, அடுத்து சமமானது. 1970இல் சம ஊதியச் சட்டம் வந்தது. நாடே கொண்டாடியது, பின்னாளில் சினிமாகூட எடுத்தார்கள்.

ஆனால் அந்தப் பெண்கள் கேட்ட ‘சி’ கிடைக்கவில்லை. தையல் ‘பி’யிலேயே இருந்தது. 1984இன் இறுதியில் மறுபடி வேலையை நிறுத்தினார்கள், இந்த முறை ஆறு வாரத்துக்கு மேல். அதன்பிறகு ஒரு நடுவர் குழு உட்கார்ந்து ஆராய்ந்து, துணியை வளைவாகத் தைப்பது திறன் சார்ந்த வேலை என்று ஒப்புக்கொண்டு ‘சி’ பிரிவைக் கொடுத்தது. 1968இல் எழுந்து வெளியே போனவர்களில் சிலர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார்கள்.